சுருங்கும் வெப்பம்

கோட்டைக்குள் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள்.
வந்தது பதினான்கு பேர்.
இருவர் மின்விசிறிக்காக.
ஒருவர், அகழியில் மறுபடி படகு விடுவார்களா
என்று யாரையாவது கேட்பதற்காக.
நான், ஆஸ்பத்திரியில் சின்னம்மாவைப் பார்த்துவிட்டு
மேல்விஷாரம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்ததால்.

ஆசியக் கலைப் பொருள்கள்: காப்பதும் அறிவதும்.
பேனரில் ஒரு மூலை கழன்று தொங்கியது.
பேச வந்த தபிதா மனுவேல்
அதைத்தான் முதலில் ஒட்டினார்.
பிறகு ஜன்னல்களைச் சாத்தச் சொன்னார்.

வெளிச்சம், மெதுவாக எரிக்கும் தீ என்றார்.
ஐம்பது லக்ஸ் போதும், அதற்கு மேல்
பார்க்கிற ஒவ்வொருவரும்
கொஞ்சம் சாயத்தைக் கண்ணோடு கொண்டுபோகிறோம்.
யாரோ தாமதமாகக் கதவைத் திறந்தார்.
வேலூரின் மே மாதம்
செருப்போடு உள்ளே வந்து நின்றது.

திபெத்துத் துணியில் ஒரு புத்தர்.
வெண்ணெய் விளக்கின் புகை குடித்துக்
கன்னம் கறுத்திருந்தது.
துடைத்துவிடலாமே, என்றார் படகுக்காரர்.
துடைக்கலாம் சார்.
துடைத்தால் விளக்கேற்றினவர்கள் எல்லோரும்
பஞ்சோடு வந்துவிடுவார்கள்.

அடுத்து, பர்மாவின் அரக்குப் பெட்டி.
(அப்போது சின்னம்மாவின் மருந்துச்சீட்டு
பையில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.)

அதற்கும் அடுத்து ஜாவாவின் தோல்பாவை.
பின்னால் விளக்கு வைத்து எடுத்த படம்.
ஓர் இளவரசன். நீண்டு ஒடிந்த மூக்கு.
எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ
பளபளக்கட்டும் என்று வார்னிஷ் பூசியிருக்கிறான்,
அதில் முழங்கை இறுகி வெடித்திருக்கிறது.
"நாங்கள் பழுது பார்ப்பதில் பாதி,
முன்பு பழுது பார்த்தவர்களை."

கை தானாக உயர்ந்தது.
எருமைத் தோல். பதனிடவே இல்லை, என்றேன்.
எப்படிச் சொல்கிறீர்கள்?
ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறதே.
பதனிட்டால் விடாது.
பதின்மூன்று தலைகளும் திரும்பின.
ஷமீனா. தோல் ஷாப்பில், ஆய்வுக்கூடம்.

அப்புறம் அவர் என்னிடம் மட்டும் பேசுவதுபோல்
எல்லோரிடமும் பேசினார்.
உதிர்ந்த இடத்தில் ஓர் இழை எடுப்போமாம்,
இமைமுடியிலும் மெல்லியது.
ஒரு சொட்டு நீரில் போட்டு, சூடேற்றி,
மைக்ராஸ்கோப்பில் காத்திருப்போமாம்
எப்போது சுருங்குகிறதென்று.

நான் தினமும் செய்வது அதுதான்.
குரோம் ஏறிய துண்டை மாட்டிச் சூடேற்றுவேன்.
தண்ணீர் கொதிக்கும், தோல் அசையாது.
"பாஸ்" என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.
வெளிநாட்டுக் கால்களுக்காக அத்தனை உறுதி.

இளவரசனுக்கு எத்தனை டிகிரி, கேட்டேன்.
முப்பத்தெட்டு.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
காலையில் நர்ஸ் சின்னம்மாவின் அக்குளிலிருந்து எடுத்து
உதறிய எண்ணும் அதுவே.

கடைசியாக வெள்ளைக் கையுறைகளைக் காட்டினார்.
நம் கை அழுக்கு படாமலிருக்க என்று
எல்லோரும் நினைக்கிறீர்கள்.
அந்தக் காலத்துக் காவலர்கள்
பூச்சி அண்டாதிருக்க ஆர்சனிக் தூவினார்கள்.
இது, அவன் நம்மைத் தீண்டாதிருக்க.
சிலர் சிரித்தார்கள்.
எங்கள் தெருக் கிணற்றை நினைத்து
நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

சுண்டல் கொடுத்தார்கள்.
தபிதா தன் கார்டைத் தந்து,
வார்னிஷைக் கரைக்காமல் நெகிழ்த்த
வழி தெரிந்தால் எழுதுங்கள் என்றார்.
தெரியாது என்றேன். யோசிப்பதாகவும் சொன்னேன்.

ஆறரை பஸ் ஏழுக்கு வந்தது.
டீக்கடை ரேடியோவில் இன்று நாற்பத்து மூன்று என்றார்கள்.
கழுத்து நனைந்து, புறங்கை நனைந்து,
கம்பியைப் பிடித்தபடி நிற்கிறோம்
ஒன்றும் பூசாமல், ஒன்றும் தூவாமல்
எழுபது எண்பது பேர்.
இடது பக்கம், இருட்டுக்குள், மணலாகப் பாலாறு.
ஒரு குழந்தை ஜன்னல் கண்ணாடியில்
மூக்கை அழுத்திக்கொண்டு பார்க்கிறது.
எதிரே வரும் லாரியின் வெளிச்சம்
அதன் காது மடலை ஊடுருவிப் போகிறது.